நாற்காலியின் உயரமும் உடல் நலமும்



மண்வெட்டிக்குப் பிடி போடும்போது, அதைப் பிடிக்கப் போகிறவரின் உயரத்தை நாம் கவனிக்கிறோம். பிடி குட்டையானால் முதுகு வளையும், இடுப்பு நோகும் என்பதை அனுபவத்தில் அறிந்திருக்கிறோம். ஆனால் ஊராட்சி அலுவலக நாற்காலி விஷயத்தில் இந்தக் கவனம் நமக்கு வருவதில்லை. பதிவேடுகளும் கணினியும் சேர்ந்து ஊராட்சிச் செயலரை நெடுநேரம் உட்கார வைக்கின்றன. அவருக்கு நாற்காலியும் ஒரு கருவியே.

2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு ஊராட்சிப் பதவிகளில் பாதி மகளிருக்கு ஒதுக்கப்பட்டது. உயரமான ஒருவருக்காக அமைத்த நாற்காலியில் உயரம் குறைந்த சகோதரி ஒருவர் அமர்ந்தால், கால்கள் தரையில் படாமல் தொங்கும். விளிம்பு தொடையை அழுத்தும். கால் மரத்துப் போகும். அவர் முன்னால் நகர்ந்து அமர்ந்தாலோ முதுகுக்குச் சாய்மானம் இராது. தலைவர் இருக்கையில் அமரும் உரிமையைச் சட்டம் அளித்தது. அந்த இருக்கையை அவருக்குப் பொருத்தமாக்குவது நம் கடமை.

இதற்கான வசதி நாற்காலியிலேயே உண்டு. அதன் நடுத்தண்டிலுள்ள உருளையில் நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளது. இருக்கையின் கீழுள்ள கைப்பிடியைத் தூக்கினால், உருளையின் உச்சியிலுள்ள சிறு முளை அழுந்தி, உள்ளே வாயு செல்லும் வழி திறக்கிறது. அப்போது நம் எடையால் இருக்கை இறங்கும். எடையை எடுத்தால் வாயு அதை மேலே தள்ளும். கைப்பிடியை விட்டதும் வழி அடைபட்டு, இருக்கை அந்த உயரத்திலேயே நிற்கும். ஆகவே, உயர்த்த வேண்டுமானால் சற்று எழுந்துகொண்டு கைப்பிடியைத் தூக்க வேண்டும். அமர்ந்தபடியே தூக்கிப் பார்த்துவிட்டு, நாற்காலி பழுது என்று மூலையில் போட்டுவிடலாகாது.

சரியான உயரத்தைக் காண்பது எளிது. நாற்காலியின் முன் நின்றால், இருக்கை முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அமர்ந்தபின் பாதங்கள் முழுவதும் தரையில் படிய வேண்டும். எழுதும்போது முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். மேசை உயரமாயிருந்தால் இருக்கையை உயர்த்திக்கொண்டு, காலடியில் ஒரு பலகையை வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும், மணிக்கொரு முறையேனும் எழுந்து சிறிது நடப்பது அவசியம்.

அமர்ந்திருக்கையில் இருக்கை தானே மெல்ல இறங்கினால் உருளை தேய்ந்துவிட்டது என்று பொருள். உருளையை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் போதும். புது நாற்காலி வாங்க வேண்டியதில்லை. எக்காரணம் கொண்டும் பழைய உருளையைத் துளையிடுவதோ, அறுப்பதோ, தீயில் காட்டுவதோ கூடாது. உள்ளிருக்கும் அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த முறை ஊராட்சி அலுவலகம் செல்லும்போது, அங்கே பணிபுரிபவரின் பாதங்கள் தரையில் படிகின்றனவா என்று பாருங்கள். படியவில்லையெனில், அந்தக் கைப்பிடியை அவருக்குக் காட்டிக் கொடுங்கள். காசு செலவில்லாத இந்த உதவியை இன்றே தொடங்குவோம்.