பூட்டின் எண்ணை மாற்றினோம்

சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டை ஆண்ட பாட்டிமாரின் வழியில் வந்தவர்கள் நாம். திண்டுக்கல் பூட்டு நம் ஊர்ப்பக்கத்தில் அத்துணைப் பெயர் பெற்றது; 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பெங்களூரின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மிற் பலருக்கு இன்று சாவி என்பது வெறும் எண்ணாகிவிட்டது.

நம் வீட்டு மின்னணுப் பூட்டின் எண்ணை மூன்றாண்டுகளாக நாம் மாற்றவேயில்லை. ஒருநாள் மாலை வெயில் சாய்ந்து விழுகையில், நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து மங்கியிருப்பது கண்ணிற் பட்டது. நான்கு இலக்கம் கொண்ட எண்கள் 10,000 உண்டு. ஆயினும், வந்திருப்பவை இந்த நான்கு இலக்கங்களே என்று ஒருவன் கண்டுகொண்டால், அவன் முயல வேண்டியவை 24 மட்டுமே! பிறந்த நாளையும் மாதத்தையும் எண்ணாக வைத்துக்கொள்வோர் நிலையும் இதனினும் பெரிதாக மேம்பட்டதன்று; ஆண்டு முழுவதற்கும் 366-க்கு மேல் இல்லையே.

அன்றிரவே மாற்ற முனைந்தோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும், பூட்டுடன் வந்த கையேட்டின் ஆங்கிலம் மும்முறை படித்த பின்னரே வசப்பட்டது. முதலில் கதவைத் திறந்தே வைத்துக்கொள்ள வேண்டும். உட்புறத்துப் பாட்டரி மூடியைக் கழற்றி, அங்குள்ள சிறு பொத்தானை அழுத்தி, தலைமை எண்ணைக் கொடுத்து, புதிய எண்ணை இருமுறை பதிய வேண்டும். பூட்டுக்குப் பூட்டு இம்முறை சற்று வேறுபடும். கதவு திறந்திருக்கும்போதே தாழை வெளியே நீட்டி, புதிய எண்ணால் அது உள்வாங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். தொழிற்சாலையில் அமைத்து அனுப்பிய தலைமை எண்ணையும் மாற்றிவிட வேண்டும். அது கையேட்டிலேயே அச்சாகியிருப்பதுண்டு. பாட்டரி தீர்ந்தால் உதவும் உலோகச் சாவியை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவோரும் உளர். வெளியே நிற்பவருக்கு அதனால் என்ன பயன்?

இத்தனையும் செய்த நாம் ஒன்றை மறந்தோம். மறுநாள் நாம் அலுவலகத்தில் இருக்கையில், ஆண்டுக்கணக்காக நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் பழைய எண்ணை அழுத்தியிருக்கிறார். பிழையான முயற்சிகள் மிகுந்ததும் பூட்டு ஓலமிட்டு முடங்கிற்று. எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தனர். மாலையில் வந்தவர் வாசலைத் தாண்டவில்லை.

"நம்பரை மாத்திட்டீங்களாம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

தேய்ந்த பொத்தான்களைக் காட்டினோம். பார்த்தார், ஆயினும் முகம் தெளியவில்லை. திருட்டுப் போய்விட்டதோ, தம்மை ஐயுற்றோமோ என்று பகலெல்லாம் அவர் மறுகியிருப்பது புரிந்தது. நம் பூட்டு பலருக்குத் தனித்தனி எண் வைக்க இடந்தருவது. மீண்டும் பாட்டரி மூடியைக் கழற்றினோம். "உங்களுக்கென்று ஓர் எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு இருமுறை அழுத்தினார். என்ன எண் என்று நாம் கேட்கவில்லை.