பழைய ஸ்போர்ட்ஸ் காரின் வர்ணத்தைப் பேணுதல்

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம் தமிழ் மக்களுள், மோட்டார் வண்டியிடம் தனிப் பிரியம் கொண்டவர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுள் ஒரு சிலர், இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1940களிலும் 1950களிலும் உருவான எம்.ஜி. போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட முற்படுகின்றனர். எஞ்சினைச் சீர்செய்யத் தேர்ந்த மெக்கானிக்கை நாடுகிற அவர்கள், வர்ணத்தை மட்டும் அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனைக்கு விட்டுவிடுவது உண்டு. எஞ்சினில் ஓர் உறுப்புத் தேய்ந்தால் வேறொன்று பொருத்திக்கொள்ளலாம். வர்ணம் தேய்ந்தால் அது மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, வண்டியின் வர்ணத்தை மீட்பதும் காப்பதும் எவ்வாறு என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில், வர்ணத்தின் கனம் எவ்வளவு என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இக்காலத்துக் கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது, அதன் தகட்டின்மேல் உள்ள எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். நம் தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அவ்வாறாயின் முழு வர்ணமும் இரண்டு மயிரிழைகளின் கனமே எனலாம். அதிலும் பளபளப்பைத் தருவது மேலே உள்ள நிறமற்ற பூச்சு. அது 40, 50 மைக்ரான் மட்டுமே. கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து, கீழுள்ள நிறத்தைக் காப்பதும் அதுவே. ‘ரப்பிங் காம்பவுண்ட்’ இட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் இப்பூச்சில் ஒரு பகுதி கரைகிறது. கீறல் மறைந்துவிட்டது என்று நாம் மகிழும்போது, கீறலின் ஆழம் வரை அதைச் சுற்றியிருந்த வர்ணம் முழுவதையும் அகற்றியிருக்கிறோம் என்பதே உண்மை.

பழைய கார்களின் வர்ணம் வேறு வகையைச் சேர்ந்தது. 1920களின் தொடக்கம் வரை, குதிரை வண்டிக்குப் பூசியதுபோலவே கார்களுக்கும் வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசி, உலர்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தனர். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் ‘டூக்கோ’ என்னும் செல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்து, 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார்களில் அது பூசப்பட்ட பின்னர், வாரங்களில் முடிந்த வேலை மணிகளில் முடிந்தது. நாம் குறிப்பிட்ட காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இத்தகைய செல்லுலோஸ் வர்ணமோ, எனாமலோதான் இருந்தது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அமைந்தவை அவை. நிறத்தின்மேல் நிறமற்ற பூச்சு இடும் முறை 1980களில்தான் பரவலாயிற்று.

தம்முடைய வண்டியில் இருப்பது எந்த வகை என்று அறிய எளிய வழி உண்டு. கண்ணில் படாத ஓரிடத்தில், வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்து மெல்லத் தேய்த்துப் பார்க்கவேண்டும். வண்டியின் நிறம் துணியில் ஏறினால் அது ஒற்றைப் பூச்சு. நிறம் ஏறாவிடில் மேலே நிறமற்ற பூச்சு உள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

வெயிலில் நின்று சாயம் போன சிவப்பு வண்டியைப் பலர் கண்டிருப்பீர்கள். இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்புத் தூள் படிந்ததுபோலத் தோன்றும். வர்ணத்தைப் பிணைத்து நிற்கும் பசைப்பொருள் வெயிலால் சிதைந்து, நிறத்தூள் தனித்து நிற்பதே அதற்குக் காரணம். ஒற்றைப் பூச்சாயின் இந்த மங்கலைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வண்டியை நன்றாகக் கழுவி, ஒட்டிய தாரையும் தூசையும் இதற்கென விற்கும் களிமண் கட்டியால் ஈரத்துடன் நீவி எடுத்த பின்னரே மெருகிடத் தொடங்க வேண்டும். முதலில் ஒரு சதுர அடி இடத்தில், உள்ளவற்றுள் மிக மென்மையான பாலிஷைக் கொண்டு சோதிக்கவும். அது போதாவிட்டால் மட்டுமே சற்றுக் கடினமானதை நாட வேண்டும். பானெட்டின் விளிம்பிலும் மட்கார்டின் மடிப்பிலும் வர்ணம் மிக மெல்லியதாக இருக்கும். அவ்விடங்களைத் தாள் நாடா ஒட்டி மறைத்துவிட்டு, கடைசியில் கையால் மெருகிடுவது நன்று. வேகமாகச் சுழலும் மெஷினைப் பழகாத கையில் கொடுத்தால், விளிம்பில் வர்ணம் சூடேறி நொடியில் தகடு தெரிந்துவிடும்.

பூச்சு பாளம் பாளமாக வெடித்திருந்தாலும், கொப்புளத்தின் கீழே துரு இருந்தாலும் மெருகினால் பயனில்லை. அவ்விடத்தைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசியாக வேண்டும். அப்போதும், ஒரு கதவு கெட்டிருப்பதற்காக முழு வண்டியையும் சுரண்டிவிட வேண்டுவதில்லை. தொழிற்சாலையில் பூசிய வர்ணம் ஒரு வண்டிக்கு ஒரு முறைதான் வாய்க்கும். நல்ல நிலையில் எஞ்சியிருப்பதை விட்டுவைத்து, கெட்ட பகுதியை மட்டும் நிறம் ஒப்பிட்டுப் பூசச் சொல்லலாம். நிறத்தையே மாற்ற எண்ணினால், பதிவுச் சான்றிலும் அதனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இங்கே வண்டியைக் காட்டிலும் மேலான ஒன்றைக் கூற வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், நீரூற்றித் தேய்க்க வேண்டும். இக்காலத்தில் இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் வர்ணத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அதன் புகைத்துளிகளைச் சுவாசிப்பவருக்குத் தீராத ஆஸ்துமா வரலாம். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சந்தில் நின்று பூசும் பெயிண்டரை நாம் எங்கும் காண்கிறோம். கைக்குட்டை அவரைக் காக்காது. தூய காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடியும் புகைபோக்கும் அறையும் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொடுங்கள். கூலி சற்று மிகுதியானாலும் அது நியாயமான செலவேயாகும்.

இனி, மீட்ட பொலிவைக் காக்கும் முறை. நம் நகரங்களில் விடியற்காலையில் ஒருவர் வந்து, வரிசையாக நிற்கும் வண்டிகளைத் துணியால் துடைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. தூசியில் வர்ணத்தைவிடக் கடினமான மணல் துகள்கள் உள்ளன. உலர்ந்த துணியால் அவற்றை இழுக்கும்போது நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும் வட்டங்கள் இவையே. அவ்வேலையாளை நிறுத்த வேண்டியதில்லை. அதே ஊதியத்தைக் கொடுத்து, வாரம் ஒரு முறையோ இரு முறையோ நிறைய நீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொரு வாளி, தூய மைக்ரோஃபைபர் துணிகள் சில ஆகியவற்றை நாமே வாங்கித் தந்துவிடலாம். பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகைக் கரைத்துவிடுமாதலால் அதனை விலக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் இடர்ப்பாடும் வேறுபடும். தில்லியின் சுற்றுப்புறங்களில் ஆழ்குழாய் நீர் கடினமானது. அதை வெயிலில் தானாக உலரவிட்டால் வெண்புள்ளிகள் படியும். ஆதலால் நிழலில் கழுவி உடனே ஒற்றியெடுக்க வேண்டும். மும்பையில் உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து வரும். ஈரமான வண்டியைக் காற்றுப் புகாத ரெக்ஸின் உறையால் மூடினால் வர்ணத்தின் கீழ் கொப்புளம் எழும். காற்றுப் புகும் உறையே ஏற்றது. பெங்களூரில் தூங்குமூஞ்சி மரத்தடி நிழல் இனிதெனினும், அங்கே பிசினும் பறவை எச்சமும் விழும். எச்சத்தைக் காயவிடாமல் ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

மூன்று மாதத்திற்கு ஒரு முறை நல்ல கார்னோபா மெழுகு பூசினால் போதும். இன்று விற்பனையில் உள்ள செராமிக் பூச்சு நெடுநாள் உழைக்குமாயினும், உலர்துணியின் கீறலை அதுவும் முற்றிலும் தடுக்காது. செல்லுலோஸ் வர்ணத்திற்கு மெழுகே பழகிய துணை.

நேயர்களே, மெருகிடுதல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்யத்தக்கது. காத்தல் ஒவ்வொரு வாரமும் செய்யத்தக்கது. இரண்டாவதை ஒழுங்காகச் செய்பவருக்கு முதலாவது அரிதாகவே தேவைப்படும். அவருக்குப்பின் அந்த வண்டியைப் பெறுபவரும், தொழிற்சாலையில் பூசிய அதே வர்ணத்தைக் காண்பார்.