மார்கழிக் காலையில் கோலத் தோசை

(மேட்டுப்பாளையத்தில் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. கார்த்திகை தீபம், மார்கழிக் கோலம், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசையாகப் பண்டிகைகள் வரும் காலம் இது. ஆனால் இதே காலத்தில்தான் பல வீடுகளில் காலைச் சாப்பாடு கெட்டுப் போகிறது. பிள்ளைகள் போர்வையை விட்டு எழுந்திருப்பதில்லை. ராத்திரி அரைத்து வைத்த மாவு புளிப்பதில்லை. தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்டு போகிறவர் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு பன்னும் காபியும். வீட்டு அம்மா எப்போது சாப்பிடுகிறார்? எல்லோரும் போன பிறகு, மிஞ்சினால், நின்றுகொண்டே!

இதை மாற்ற ஒரு சின்ன வழி சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதுதான் பண்டிகைத் தோசை. பிள்ளைகள் ஆசையோடு ஓடிவரும்படி, தாய் தகப்பன் பிள்ளை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்படி, வாரத்தில் ஒரு நாளாவது செய்து பாருங்கள்.

காலைச் சாப்பாடு ஏன் முக்கியம்?

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போனால், மதியம் ஒரு மணி வரை பதினேழு மணி நேரம் வயிறு காய்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? பசித்த பிள்ளை படிக்காது என்பது அரசுகளுக்கும் தெரிந்த சங்கதி. நமது புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடந்த 1930-ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமே ஆரம்பமாயிற்று. ஆனாலும் வீட்டில் தாய் தகப்பனோடு உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஈடு உண்டா?

மாவு ஏன் புளிக்கவில்லை?

மாவைப் பொங்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள். உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே அவை இருக்கின்றன. அவற்றுக்கு 28 முதல் 30 டிகிரி வரை சூடு இருந்தால் நல்லது. பனிக்காலத்து ராத்திரியில் நம் ஊரில் அவ்வளவு சூடு இராது. அதனால் மாவு மந்தமாகிவிடுகிறது. உடனே ஆப்ப சோடாவை அள்ளிப் போடாதீர்கள். சோடா அதிகமானால் மாவில் உள்ள பி1 வைட்டமின் அழிந்துவிடும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள்:

அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் சேருங்கள். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊறப் போடுங்கள். சுத்தமாகக் கழுவிய கையால் மாவை நன்றாகக் கலக்குங்கள். பாத்திரத்தை மூடி, அணைத்த அடுப்பின் பக்கத்தில் வையுங்கள். அல்லது ஒரு பழைய கம்பளியைச் சுற்றி வையுங்கள். கோடையில் எட்டு மணி நேரத்தில் புளிக்கும் மாவுக்கு இப்போது பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் ஆகலாம். ஆகவே சாயங்காலமே அரைத்துவிடுங்கள். புளித்த மாவு ருசிக்கு மட்டும் அல்ல. அதில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சுலபமாகச் சேரும்.

கேழ்வரகுக் கோலத் தோசை

கேழ்வரகு மாவு 2 டம்ளர், புழுங்கல் அரிசி 1 டம்ளர், உளுந்து 1 டம்ளர். அரிசியையும் உளுந்தையும் நான்கு மணி நேரம் ஊறவைத்துத் தனித்தனியாக அரையுங்கள். இரண்டையும் கலந்து, அதில் இரண்டு கரண்டி வெள்ளை மாவைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி இல்லாமல் கரையுங்கள். இரண்டிலும் அயோடின் உப்புப் போட்டுப் புளிக்க வையுங்கள்.

இப்போது விளையாட்டு ஆரம்பம்! தோசைக்கல்லை மிதமாகக் காய வைத்து, வெள்ளை மாவைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, தேக்கரண்டியால் மெல்லிய கம்பி போலக் கல்லில் கோலம் போடுங்கள். அரை நிமிஷம் பொறுத்து, கோடு இறுகியதும், அதன்மேல் கேழ்வரகு மாவை ஊற்றுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கோலம் கலைந்துவிடும். வெந்ததும் திருப்பிப் பாருங்கள். பழுப்புத் தோசையில் வெள்ளைக் கோலம் தெரியும்! தினமும் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கைக்கு இது ஒரு பெரிய வேலையா?

மார்கழியில் வாசல் சாணியில் வைக்கும் பூசணிப்பூவைத் தட்டிலும் வைக்கலாம். நடுவில் ஒரு கரண்டி மாவு, சுற்றி ஐந்து சின்ன இதழ். நடுவில் துருவிய கேரட்டைத் தூவினால் பூ ரெடி. கார்த்திகைக்கு அகல் விளக்கு, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பொங்கலுக்குச் சூரியன், மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு கொம்பு வைத்த வட்ட முகம். கோணலாக வந்தால் பரவாயில்லை, பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடும்.

வர்ணம் வேண்டுமா? பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள், அரைத்த கீரை இவை போதும். கடையில் பொட்டலமாக விற்கும் சாயப் பொடி வேண்டவே வேண்டாம். மெட்டானில் மஞ்சள் போன்ற சாயங்கள் உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டவை.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். எலும்பு வளரும் பிள்ளைக்கும், வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் தாய்க்கும் இது அவசியம். தானியத்தில் உள்ள புரதக் குறையை உளுந்து நிரப்பும். உளுந்தின் குறையைத் தானியம் நிரப்பும். புருஷன் பெண்சாதி மாதிரி, இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை!

கார்த்திகை அடை

மாவு புளிக்கவே இல்லை என்றால் கவலைப்படாதீர்கள். அடைக்குப் புளிக்க வேண்டியதில்லை. புழுங்கல் அரிசி 2 டம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து கால் டம்ளர். மூன்று மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போடுங்கள். கொல்லையில் முருங்கை மரம் நிற்கிற வீட்டில் கீரைக்குக் காசும் இல்லை. கல்லில் தட்டி, நடுவிலும் சுற்றிலும் ஓட்டை போட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு வேக வையுங்கள். கீரையிலும் கேரட்டிலும் கண்ணுக்கு நல்லதான கரோட்டின் சத்து இருக்கிறது. அது உடம்பில் சேர இந்தக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்.

வெல்லத் தோசை

அவசரத்துக்கு இது. கோதுமை மாவு 1 டம்ளர், அரிசி மாவு 2 கரண்டி, கரைத்து வடிகட்டிய வெல்லம் அரை டம்ளர், தேங்காய்த் துருவல், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை சாப்பிடுகிறவர்கள் ஒரு முட்டையை அடித்து ஊற்றினால் தோசை மெத்தென்று இருக்கும், புரதமும் கூடும். பிரெஞ்சுக்காரர்கள் பிப்ரவரி 2-ஆம் தேதி பண்டிகைக்கு வீட்டில் சுடும் 'கிரேப்' ஏறக்குறைய இதேதான். கோதுமை மாவு, பால், முட்டை கலந்து மெல்லிசாக ஊற்றுவார்கள். பனிக்காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சுடச்சுடத் தின்பது எல்லா ஊருக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை. வெல்லமும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு வெல்லத் தோசை வேண்டாம். கீரை அடை ஒன்று கொடுங்கள்.

அம்மாவின் தட்டு எங்கே?

இதைக் கவனமாகக் கேளுங்கள், முக்கியமாக ஆண்கள். 2019–21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை என்று தெரிந்தது. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 67. சோகை வந்தால் அசதி, மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல். பிரசவத்தின்போது தாய்க்கு ஆபத்து, குழந்தை எடை குறைவாகப் பிறக்கும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. கடைசியில் சாப்பிடுகிற பழக்கமும் அதில் ஒன்று. கீரையும் பருப்பும் மற்றவர் தட்டில் போய்விடுகிறது. அம்மாவுக்குப் பிய்ந்த தோசை, சட்னி வழித்த பாத்திரம்!

நான் இதைச் சொல்லும்போது ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "காலங்காத்தால தண்ணியில கை வைக்க முடியல. இதுல பூவு, நட்சத்திரம் வேறயா? யார் செய்யறது?" நியாயமான கேள்வி. தனியாக ஒருத்தர் செய்ய வேண்டும் என்று யார் சொன்னார்கள்? மாவைச் சாயங்காலம் அரைத்து வைப்பது வீட்டுக்காரர் வேலையாக இருக்கட்டும். கேரட் துருவுவது, கீரை ஆய்வது பெரிய பிள்ளைகள் வேலை. முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு தோசை அம்மா சுடட்டும். பிறகு அம்மா உட்கார வேண்டும். கரண்டியை அப்பா வாங்கிக்கொள்ள வேண்டும். தோசை சுட்டால் மீசை உதிர்ந்துவிடாது, அய்யா!

தோசையோடு தக்காளிச் சட்னியோ, நெல்லிக்காய்த் துவையலோ வையுங்கள். பனிக்காலத்தில் நெல்லிக்காய் தாராளமாகக் கிடைக்கும். அதில் உள்ள வைட்டமின் சி, கீரை பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும். டீ, காபி அதைத் தடுக்கும். ஆகவே டீயைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகள் தோசையை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது. நான்காம் மாதத்திலிருந்து 180 நாளும், பிள்ளை பெற்ற பிறகு 180 நாளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தினம் ஒன்று சாப்பிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. சமைக்கும் முன்பும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

2. கோலம் போடும் ஆசையில் சின்னப் பிள்ளைகள் கல்லைத் தொட்டுவிடும். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அடுப்பிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். கேரட் தூவுவது, தட்டை அலங்கரிப்பது போன்ற வேலை கொடுங்கள்.

3. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தடவிக் கொடுக்காதீர்கள்.

4. சின்னக் குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, பெரிய தேங்காய்த் துண்டு கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்தோ துருவியோ போடுங்கள்.

5. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். அன்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் மாத்திரையைப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். வயிற்றில் புழு இருந்தால் சாப்பிட்ட சத்தெல்லாம் அதற்கே போய்விடும்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! இதற்குப் பெரிய செலவு இல்லை. கேழ்வரகும் பருப்பும் முருங்கைக்கீரையும் நம் ஊர்ப் பொருள்கள். வேண்டியதெல்லாம் ராத்திரியே கொஞ்சம் யோசனை, காலையில் கொஞ்சம் ஒத்தாசை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டை முதலிலேயே எடுத்து வரிசையாக வையுங்கள். அதில் அம்மாவின் தட்டும் இருக்கட்டும்.

சேர்ந்து சமைப்போம்! சேர்ந்து சாப்பிடுவோம்! சோகை இல்லாத குடும்பமாய் வாழ்வோம்!