கம்பி கடித்த கிளை

கொழும்பு ஹெவ்லொக் டவுன் மாடி வீடுகளில், பல்கனியில் பொன்சாய் வளர்ப்பவர்கள் இன்று கிளைகளை ஒருதரம் உற்றுப் பாருங்கள். வளைப்பதற்காகச் சுற்றிய அலுமினியக் கம்பி பட்டைக்குள் புதைகிறதா?

கம்பியை விட்டுவைக்க ஜப்பானியப் பைன் மரத்துக்குச் சொல்லும் மாதக்கணக்கு கொழும்புக்குச் சரிவராது. ஜப்பானில் குளிர்காலத்தில் மரம் உறங்கும். இங்கே வருடம் முழுக்கச் சராசரி வெப்பம் 27 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஆலும் இத்தியும் ஓயாமல் பருக்கும். கிளை தடிக்கும், கம்பி விட்டுக்கொடுக்காது. சில கிழமைகளிலேயே பட்டையில் சுருள்சுருளாய்ப் பள்ளம் விழுந்துவிடும். மழை தொடங்கினால் கிழமைக்கு இருமுறையாவது பாருங்கள்.

புதைந்த கம்பியைச் சுற்றிக் கழற்றாதீர்கள்; பட்டையும் கூடவே உரியும். ஒவ்வொரு வளையத்தையும் கட்டரால் வெட்டி, துண்டு துண்டாய் எடுங்கள். கம்பியை மிச்சம்பிடிக்கிற ஆசை இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம். ஆலில் பால் வடியும்; பயப்படாதீர்கள், தானாகக் காய்ந்துவிடும்.

தழும்பு மெல்லியதென்றால் கிளை பருக்கப் பருக்க மங்கும். ஆழமானதென்றால் வருடங்கள் எடுக்கும். கிளை பழையபடி நிமிர்ந்தால் மறுபடி சுற்றலாம், அதே பள்ளத்தில் மட்டும் வேண்டாம்.