சென்ட்ரேலியா: ஐவர் எஞ்சிய ஊர்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில் பென்சில்வேனியா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே சிற்றூர்கள் பலவற்றிற்குப் ‘பரோ’ என்னும் ஆட்சி அமைப்பு உள்ளது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமும் மேயரும் சாலை, குப்பை முதலிய காரியங்களைக் கவனிப்பர். நமது பேரூராட்சிக்கு நெருங்கிய அமைப்பு என்று கொள்ளலாம். அத்தகைய ஊர்களுள் ஒன்றான சென்ட்ரேலியாவைப் பற்றியே இன்று தங்கள் முன் பேச விழைகிறேன்.

கொலம்பியா மாவட்டத்தின் தென்கோடியில், மலைத்தொடர்களுக்கு நடுவே அமைந்தது இவ்வூர். அதன் பரப்பு ஏறத்தாழ 150 ஏக்கர்தான். நம்மில் ஒரு பெரிய ஏரியின் ஆயக்கட்டு அளவுகூட இராது. மேலே காடு, கீழே ஆந்தரசைட் எனப்படும் உயர்ந்த ரக நிலக்கரி. 1850-களில் இரயில் பாதை வந்தது, சுரங்கங்கள் திறக்கப்பட்டன. 1866-ல் ஊர் பரோவாயிற்று. அயர்லாந்திலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் குடியேறினர். 1890-ல் ஜனத்தொகை 2,761. பின்னர் கரிக்கு மதிப்புக் குறையக் குறைய மக்களும் குறைந்தனர். எனினும் 1980-ல்கூட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 1990-ல் 63 பேர், 2000-ல் 21, 2010-ல் 10, 2020 கணக்கெடுப்பில் 5 பேர்.

வறட்சியோ கொள்ளைநோயோ இதற்குக் காரணமன்று. குப்பைக்கு இட்ட தீயே காரணம்.

பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு இது. ஊர்க் குப்பை, கைவிடப்பட்ட ஒரு சுரங்கப் பள்ளத்தில் கொட்டப்பட்டு வந்தது. 1962 மே மாத இறுதியில், போரில் இறந்தோரை நினைவுகூரும் நாள் நெருங்கியது. அருகிலேயே இடுகாடு; அன்று மக்கள் திரளாக வருவர். துர்நாற்றம் வீசலாகாது என்று கருதிய மன்றம், தன்னார்வத் தீயணைப்பாளரைக் கொண்டு குப்பையைக் கொளுத்திச் சுத்தம் செய்வித்தது. நல்லெண்ணத்துடன் செய்த காரியந்தான். தீயை நீர் ஊற்றி அணைக்கவும் செய்தனர். ஆனால் பள்ளத்தின் ஓரத்தில் அடைக்கப்படாத துவாரம் ஒன்று இருந்தது. அதன் வழியே நெருப்பு பழைய சுரங்கத்துள் புகுந்தது.

நீரை விட்டு அணைக்கக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். ஆந்தரசைட் எளிதில் பற்றாது. பற்றினாலோ புகையும் சுடருமின்றி மெல்ல மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும். நூறாண்டுகளாகத் தோண்டிய சுரங்க வழிகள் பூமிக்கடியில் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. காற்று எங்கிருந்தேனும் வந்துகொண்டே இருக்கும். கரிப்படுகை சரிவானது, ஊற்றும் நீர் வழிந்தோடிவிடும். நெருப்புக்கு முன்னே ஆழமான அகழி வெட்டி, கரியை முற்றிலும் அகற்றி, எரியாத மண்ணால் நிரப்புவதே உறுதியான வழி.

தொடக்கத்தில் அப்படித்தான் தோண்டத் தொடங்கினர். ஒதுக்கிய பணம் தீர்ந்தது; வேலை நின்றது; அதற்குள் தீ அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டது. பின்னர் துளைகளின் வழியே பொடிக்கல் நிரப்பிப் பார்த்தனர்; அதுவும் போதவில்லை. 1983-ல் வல்லுநர்கள் கணக்கிட்டபோது, முழுவதும் தோண்டி அணைக்க ஏறத்தாழ 66 கோடி டாலர் வேண்டும் என்றனர். தொடக்கத்திலேயே தாராளமாகச் செலவிட்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும் என்பது என் கருத்து.

நெருப்பு கண்ணுக்குத் தெரியாததால் பல ஆண்டுகள் மக்கள் அதனோடு வாழ்ந்தனர். சில தோட்டங்களில் பனி பெய்தாலும் தங்காது உருகிற்று. 1979-ல் ஒரு பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியை அளந்தபோது, எண்ணெயின் சூடு 172 பாரன்ஹீட் பாகை இருந்தது! வீடுகளுக்குள் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுவாயு புகுந்தது. 1981 பிப்ரவரியில், பாட்டியின் வீட்டுத் தோட்டத்தில் நின்ற 12 வயதுச் சிறுவனின் காலடியில் நிலம் பிளந்தது. மரவேரைப் பற்றித் தொங்கிய அவனை உறவுக்காரப் பையன் ஒருவன் இழுத்துக் காப்பாற்றினான்.

இதன் பின்னரும் ஊர் ஒருமனப்படவில்லை. தீக்கு அருகில் இருந்தோர் வெளியேற வேண்டும் என்றனர். தொலைவில் இருந்தோர், ஆபத்து மிகைப்படுத்தப்படுகிறது என்றனர். அண்டை வீட்டார் பகைவராயினர். சுடும் தரையைவிட இப்பிளவே அதிகம் வருத்தியதென்று எண்ணுகிறேன். 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் குடிபெயர்வுக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. பெரும்பாலோர் விலையைப் பெற்றுக்கொண்டு மவுண்ட் கார்மல், ஆஷ்லண்ட் முதலிய அயலூர்களுக்குச் சென்றனர். வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன.

சிலர் மட்டும் அசையவில்லை. ஊருக்கடியில் உள்ள கரியைக் கைப்பற்றவே இச்சூழ்ச்சி என்று அவர்கள் ஐயுற்றனர். நிலத்தடிக் கரியின் உரிமை பரோவுக்கே உரியது என்பது அவர்களது வாதம். ஊர் கலைந்தால் அவ்வுரிமையும் போய்விடுமன்றோ? 1992-ல் மாநில அரசு எல்லா மனைகளையும் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. 2002-ல் அஞ்சல் குறியீட்டு எண்ணும் நீக்கப்பட்டது. எஞ்சியோர் நீதிமன்றம் சென்றனர். 2013 அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, அப்போது எஞ்சியிருந்தோர் ஆயுள் உள்ளவரை தத்தம் வீட்டிலேயே வாழலாம். அவர்களுக்குப் பின் வீடு அரசைச் சேரும்.

தெருக்கள் இன்றும் உள்ளன. இருபுறமும் வீடுகளுக்குப் பதில் புதர்கள். வெடித்துப் புகைந்த பழைய நெடுஞ்சாலைப் பகுதியை, வேடிக்கை பார்க்க வருவோரைத் தடுப்பதற்காக, 2020-ல் மண்கொட்டி மூடினர். நெருப்போ அணையவில்லை, இன்னும் 250 ஆண்டுகள் எரியக்கூடும் என்றொரு மதிப்பீடு உண்டு. மலைச்சரிவில் 1911-ல் கட்டப்பட்ட உக்ரேனியர் தேவாலயம் மட்டும், பாறைமேல் நிற்பதால் தப்பியது. வெளியூர் சென்று குடியேறிய குடும்பத்தார் இப்போதும் அங்கே வழிபாட்டுக்கு வருகின்றனர். இடுகாட்டில் தம் முன்னோரின் கல்லறைகளையும் பேணி வருகின்றனர்.