எண்ணெய்க் கப்பலும் அதன் காவலனும்



போர்க்கப்பலின் வீரத்தைப் புகழ்வோர் பலர். அதற்கு எண்ணெய் வழங்கும் கப்பலை நினைப்போர் சிலர். பீரங்கி எத்துணைப் பெரிதாயினும், கொதிகலனுக்கு எண்ணெய் இல்லையேல் போர்க்கப்பலும் வெறும் மிதக்கும் கட்டையே. ஆதலின் கடற்படைக்கு வேண்டியவற்றை வழங்குவதற்கெனப் பிரித்தானியர் 1905 இல் துணைக் கப்பற்படை ஒன்றை அமைத்தனர். அதில் பணிபுரிந்தோர் பெரும்பாலும் வணிகக் கப்பல் மாலுமிகளே.

அத்தகைய கப்பல்களுள் ஒன்று 5,571 டன் கொண்ட 'அதல்ஸ்டேன்'. அதன் பணி நம் கீழைக் கரையோரத்திலேயே முடிவுற்றது.

1942 ஏப்ரல் 5 ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. எண்ணெய்த் தொட்டிகள் நிறைந்த திருகோணமலையே அடுத்த இலக்கு என்பது 8 ஆம் நாள் தெளிவாயிற்று. துறைமுகத்தில் நிற்பது ஆபத்து எனக் கருதி, கப்பல்கள் இரவோடிரவாகத் தெற்கே அனுப்பப்பட்டன. 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் தன் விமானங்களைக் கரையில் விட்டே புறப்பட்டது. அதல்ஸ்டேனுக்குக் காவலாக 'ஹொலிஹொக்' என்னும் சிறு போர்க்கப்பல் உடன் சென்றது.

மறுநாட் காலை திருகோணமலை குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. பின்னர் ஹேர்மிஸும் அதன் துணைக் கப்பலான 'வம்பயரும்' மட்டக்களப்புக் கடலில் மூழ்கின. ஹேர்மிஸில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நண்பகலளவில் அதல்ஸ்டேனும் ஹொலிஹொக்கும் விமானங்களின் கண்ணிற்பட்டன. இடம், மட்டக்களப்புக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கடல் மைல். அதாவது கல்முனை, நிந்தவூர் ஆகிய ஊர்களை அடுத்த கடல். இரு கப்பல்களும் மூழ்கின. எண்ணெய்க் கப்பலின் மாலுமிகள் அனைவரும் உயிர் தப்பினர்; காவல் வந்த ஹொலிஹொக்கிலோ 53 பேர் மாண்டனர். காக்கப்பட்டோர் பிழைத்தனர், காக்க வந்தோர் மடிந்தனர்.

போர் ஓய்ந்த பின்னரும் எண்ணெய்க் கப்பலின் ஆபத்து இக்கரையை விட்டு அகலவில்லை. 2020 செப்டெம்பர் 3 ஆம் நாள், ஏறத்தாழ 2,70,000 டன் மசகெண்ணெயுடன் சென்ற 'நியூ டயமண்ட்' சங்கமன்கண்டிக்குக் கிழக்கே தீப்பற்றியது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கை, இந்தியக் கடற்படையினரும் கரையோரக் காவற்படையினரும் பன்னாட்கள் போராடித் தீயை அணைத்தனர். அந்த மசகெண்ணெய் கடலிற் கொட்டியிருப்பின், கரைவலை இழுத்து வாழும் குடும்பங்களின் கதி என்னவாகியிருக்கும்?

கடலில் எண்ணெய் சுமப்போரின் பணி புகழ் தராத பணி. எனினும் அவர்களுக்காகவும் நமக்காகவும் உயிர் கொடுத்தோர் இக்கடலடியில் உறங்குகின்றனர். கல்முனைக் கரையில் நின்று கீழ்வானை நோக்கும் இளைஞர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.