தோசைக்கல்லில் ஆட்டுச் சாப்ஸ்

சங்கரன்கோவில் என்றதும் பக்தர்களுக்குக் கோமதி அம்மனும் ஆடித்தபசும் நினைவுக்கு வரும். அசைவக்காரர்களுக்கு ஆட்டுக்கறி பிரியாணி. ஆட்டுக்கறியின் ருசி தெரிந்த அந்த ஊரில்கூட, கனமான கறித்துண்டை முழுசாகக் கல்லில் போட்டு வாட்டித் தின்னும் பழக்கம் பெரிதாக இல்லை. மேல்நாட்டில் அதைத்தான் ஸ்டேக் என்கிறார்கள். மாட்டிறைச்சியை வார்ப்பிரும்புச் சட்டியில் வாட்டுவது அவர்கள் வழக்கம். நமக்கு வெள்ளாட்டுச் சாப்ஸும், வீட்டிலுள்ள கனத்த இரும்பு தோசைக்கல்லும் போதும்.

கனம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு வெப்பத்தை அலுமினியத்தைவிட மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் கனமாக இருப்பதால், ஏறிய சூட்டை நிறையவே பிடித்து வைத்திருக்கும். குளிர்ந்த கறி விழுந்தாலும் கல் சட்டென்று ஆறிவிடாது. அதனால் கறியைப் போடும் முன்பே, மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் கல்லைக் காய விடுங்கள். நான்ஸ்டிக் தவாவை இப்படி வெறுமனே காயவைக்கக் கூடாது. அதன் பூச்சு கெட்டுவிடும்.

கறி பொன்னிறமாகச் சிவப்பதற்கு ஒரு காரணம் உண்டு. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருகின்றன. 1912இல் இதை விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயார். ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். தண்ணீரோ 100 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கறியில் ஈரம் இருக்கும்வரை அது வேகுமே தவிர, சிவக்காது. கழுவிய கறியைத் துணியால் ஒற்றி எடுக்காமல் கல்லில் போடுபவர்களுக்குச் சாம்பல் நிறக் கறிதான் மிஞ்சும். ஒரே நேரத்தில் கல் நிறையத் துண்டுகளை அடுக்கினாலும் இதே கதிதான்.

வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது. பின்னாளில் சோதித்துப் பார்த்தபோது பொய்த்துப் போனது. வறுப்பது ருசிக்காகத்தான்.

உப்பை முக்கால் மணி நேரம் முன்பே தடவிவிடலாம். முதலில் கசியும் நீரைக் கறியே திரும்ப இழுத்துக்கொள்ளும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் கல்லில் போடும்போது தடவுங்கள். இடைப்பட்ட நேரத்தில் தடவினால் மேலே ஈரம் கோத்து நிற்கும்.

இளங்குட்டிச் சாப்ஸ் என்றால் நேராகக் கல்லுக்குப் போகலாம். கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை கிளறாமல், நகர்த்தாமல் விட்டுவிட்டுப் பிறகு திருப்புங்கள். நம் கைக்கு இதுதான் சிரமம். கரண்டி சும்மா இருக்காது! மிளகும் தட்டிய பூண்டும் கடைசியில் போதும். முன்னால் போட்டால் கருகிக் கசக்கும். துண்டின் நடுவில் சூடு 63 டிகிரியைத் தொட்டபின் எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

முற்றிய ஆட்டின் தொடைக்கறிக்கு இந்த வித்தை பலிக்காது. அதிலுள்ள இணைப்புத்திசு இளக நேரம் வேண்டும். குக்கரில் உப்பும் மஞ்சளும் சேர்த்து வேகவைத்து, நீரை வடித்து, ஈரம் போக உலர்த்திக் கல்லில் வாட்டுவதே சரி. வடித்த நீரைக் கொட்டிவிடாமல் ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கிய கல்லில் புளியோ தக்காளியோ சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள். எண்ணெய் படிந்து உண்டான கருமை உரிந்துவிடும். கழுவியதும் ஈரம் காயச் சூடாக்கி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைத்தால் துரு அண்டாது.

இன்னொன்று. கறிக்கடையில் கேட்காமலே பொடிப்பொடியாக வெட்டித் தந்துவிடுவார்கள். தராசில் வைக்கும்போதே, சாப்ஸ் இரண்டு விரல் கனத்தில் முழுசாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.